டிக்கிக்குள் ஜம்ப் ஸ்டார்ட்டர், டிக்கியைத் திறக்காத பேட்டரி

ஜம்ப் ஸ்டார்ட்டர் (பேட்டரி படுத்துவிட்ட வண்டியைக் கிளப்புகிற கையடக்கக் கருவி) வாங்கியிருப்பவர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டியின் டிக்கியைச் சாவி போட்டுத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் சாவித் துளை டிரைவர் கதவில் மட்டும்தான். டிக்கி, பொத்தானை அமுக்கினால் திறக்கிற வகை. அதாவது பேட்டரியில் கரண்ட் இருந்தால் திறக்கிற வகை. கருவியை விற்றவரோ, "டிக்கியில ஸ்டெப்னி பக்கத்துல போட்டுட்டு மறந்துடுங்க சார்" என்று சொல்லித்தான் கொடுத்தார். வண்டிக் கையேட்டிலும் சாமான் வைக்க அந்த இடத்தைத்தான் காட்டியிருக்கிறது.

சில நாள் வெளியூர் போய்த் திரும்பினால் ரிமோட்டுக்கு வண்டியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரிமோட்டுக்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தேன். பின் சீட்டை மடக்கும் கொக்கி நல்லவேளையாகச் சீட்டின் தோள்பட்டையிலேயே இருந்தது. சில வண்டிகளில் அதுவும் டிக்கிப் பக்கம்தான் இருக்கும். அப்படியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். சீட்டை மடக்கி, பாதி உடம்பை உள்ளே நுழைத்து, போன் வெளிச்சத்தில் துழாவி ஜம்ப் ஸ்டார்ட்டரை வெளியே இழுத்தேன்.

பானட்டைத் திறந்து கிளிப் மாட்டுவதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மாட்டினேன். பச்சை விளக்கு எரியவேண்டும், எரியவில்லை. சிவப்பும் இல்லை. நான்கு கோடு சார்ஜ் காட்டுகிற கருவி, செத்த பேட்டரியில் மாட்டியதும் தானும் செத்ததுபோல் உட்கார்ந்திருந்தது.

பெட்டியில் இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டேன். "முழுசா சார்ஜ் போட்டு மறுபடியும் டிரை பண்ணுங்க சார்." சார்ஜ் முழுசாக இருக்கிறது என்றேன். "அப்போ வேற வண்டியில டிரை பண்ணிப் பாருங்க." வேறு வண்டி இருந்தால் நான் ஏன் இதைக் கட்டிக்கொண்டு அழுகிறேன்?

விஷயம் இதுதான். இந்தச் சின்ன லித்தியம் கருவிகளின் கிளிப் வயரில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கிறதே, அது எதிர்ப்பக்கம் பேட்டரி இருக்கிறதா, பிளஸ் மைனஸ் சரியா என்று பார்த்த பிறகுதான் கரண்ட்டை விடும். பேட்டரியில் கொஞ்சமாவது வோல்டேஜ் மிச்சம் இருந்தால்தான் அதற்கு அடையாளம் தெரியும். மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: 2.4 வோல்ட். நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 காட்டும், 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 11.8-க்குக் கீழே போனால் காலி. 2.4-ஐ என் கருவி பேட்டரி என்றே மதிக்கவில்லை. கொஞ்சம் வீக்கான பேட்டரிக்கு ஓடி ஓடி உதவும், அடியோடு படுத்துவிட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் குட்டிப் பெட்டியில் 'பூஸ்ட்' என்று ஒரு பொத்தான். சில நொடி அழுத்திப் பிடித்தால் சோதனையெல்லாம் பார்க்காமல் கரண்ட்டைத் திறந்துவிடும். உதவி எண்ணில் பேசியவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் எறும்பு எழுத்தில் இருந்தது. ஆனால் கவனம். பூஸ்ட் அழுத்திய பிறகு, மாற்றி மாட்டினால் தடுக்கிற பாதுகாப்பும் போய்விடுகிறது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் கருவியும் போகும், வண்டியின் எலக்ட்ரானிக்ஸும் போகும். எங்கள் பேட்டரியில் கூட்டல் குறி அழுக்கில் புதைந்திருந்தது, சிவப்பு மூடி எப்போதோ விழுந்துவிட்டது. அப்படியானால் இரண்டு ஈய முனைகளையும் உற்றுப் பாருங்கள். கூம்பு மாதிரி இருக்கும் சாதாரண முனைகளில் பிளஸ் கொஞ்சம் தடிமன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்கு வித்தியாசம், ஆனால் உண்டு. அதோடு, இன்ஜின் இரும்புக்குப் போகிற வயர் மைனஸ். இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் பொத்தானில் கை வைத்தேன்.

பச்சை எரிந்தது. சாவியைத் திருப்பினேன். 'டக்டக்டக்டக்' என்று வேகமான சத்தம், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு, இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாருக்குப் போதுமான கரண்ட் போய்ச் சேரவில்லை என்று பொருள். குனிந்து பார்த்தால் பிளஸ் முனையைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பூத்த பொடி. கிளிப் கடித்துக்கொண்டிருந்தது ஈயத்தை அல்ல, பொடியை. இன்னொன்றும் அப்போதுதான் கண்ணில் பட்டது. கிளிப்புக்குத் தாடை இரண்டு என்றாலும் வயர் ஒரு தாடையில்தான் இறுக்கியிருக்கிறது. மலிவான கிளிப்களில் பெரும்பாலும் இப்படித்தான். மற்றத் தாடை சும்மா பிடிமானத்துக்கு. வயர் உள்ள தாடை ஈயத்தில் பதியும்படி, முனையை ஸ்க்ரூடிரைவரால் சுரண்டிவிட்டு, கிளிப்பைத் திருப்பி மாட்டினேன். கறுப்புக் கிளிப்பைப் பேட்டரியிலிருந்து தள்ளி இன்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்பில் கடிக்க விட்டேன். பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும், அதன் தலைக்கு மேல் தீப்பொறி வேண்டாமே என்றுதான். மூன்று நான்கு நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே அரை நிமிடமாவது விடுங்கள், கருவி சூடாகிவிடும்.

வண்டி எடுத்துக்கொண்டது. அந்தச் சத்தம் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. இன்ஜின் ஓடியதும் கருவியைக் கழற்றிவிட வேண்டும், கறுப்பு முதலில். மாட்டியே வைத்திருந்தால் வண்டியின் 14 வோல்ட் திரும்பி அதற்குள் பாயப் பார்க்கும்.

பெட்டியின் மேல் '1000 ஆம்ப்ஸ்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதை நம்பி வாங்காதீர்கள். அது கண்ணிமைக்கும் நேரத்து உச்சம். எப்படி அளந்தார்கள் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. பார்க்க வேண்டியது வாட்-ஹவர், அதாவது உள்ளே எவ்வளவு சக்தி அடங்கியிருக்கிறது என்ற கணக்கு. என்னுடையதில் 12,000 மில்லி ஆம்ப்-ஹவர் என்று இருக்கிறது, அது 3.7 வோல்ட் கணக்கு. பெருக்கினால் 44 வாட்-ஹவர் சொச்சம். கார் பேட்டரி 12 வோல்ட், 45 ஆம்ப்-ஹவர், அதாவது 540 வாட்-ஹவர். கருவியை முழுசாகக் கொட்டினாலும் பேட்டரியில் பத்தில் ஒரு பங்குகூட நிரம்பாது. அது இன்ஜினைக் கிளப்பத்தான், பேட்டரியை நிரப்ப அல்ல.

கிளப்பிவிட்டு அக்கம்பக்கம் ஒரு சுற்று ஓட்டினால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் கருவி) நிரப்பிவிடும் என்று சொல்வார்கள். நிரப்பாது. மறுநாள் காலை மறுபடியும் டக்டக். அன்று பூஸ்ட் தேவைப்படவில்லை, அவ்வளவுதான் முன்னேற்றம்.

நேரே பேட்டரி வாங்கிய கடைக்குப் போனேன். வாரன்டி இன்னும் இருக்கிறது. கவுன்ட்டரில் இருந்தவர் அட்டையை வாங்கிப் புரட்டினார். "இதுல சீல் இருக்கு, தேதி இல்லையே சார்." சீல் போட்டது அவர்கள் கடை, தேதி போட மறந்ததும் அவர்கள் கடை. பில் கேட்டார். போனில் படமாக இருந்ததைக் காட்டினேன், ஒரிஜினல் வேண்டும் என்றார். உங்கள் கம்ப்யூட்டரில் பில் நம்பரை அடித்துப் பாருங்கள் என்று நான் நகராமல் நின்ற பிறகுதான் அடித்தார், உடனே வந்தது. (பில்லையும், பேட்டரி உறையில் அடித்திருக்கும் எண்ணையும் வாங்கிய அன்றே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்டிக்கர் எழுத்து இன்ஜின் சூட்டில் மங்கிவிடும்.)

அப்புறம் ஒரு டெஸ்ட்டரை மாட்டினார். 'மாற்றவும்' என்று வந்தது. "பேட்டரி போயிடுச்சு சார். ஆனா முழுக்க டிஸ்சார்ஜ் ஆனதுக்கு வாரன்டி வராது. புதுசு போட்டுடலாமா?" பசியில் கிடப்பவனை ஓடவிட்டு, கால் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்வதுபோல இருந்தது. காலியான பேட்டரியை லோடு டெஸ்ட் (பளு கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. முதலில் முழு சார்ஜ், பிறகு ஓய்வு, பிறகுதான் டெஸ்ட். சார்ஜ் போட்டுப் பாருங்கள் என்றேன். விட்டுவிட்டுப் போங்கள், இரண்டு நாள் ஆகும், மாற்றுப் பேட்டரி கிடையாது என்றார்.

வீட்டிலேயே சார்ஜர் போட்டேன். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு கரண்ட், எங்கள் பேட்டரிக்கு 4.5 ஆம்ப்ஸ், இரவு முழுதும். இதைத் தள்ளிப் போடக் கூடாது. காலியாகவே கிடந்தால் தகட்டில் சல்பேட் இறுகி, நல்ல பேட்டரியும் உண்மையிலேயே கெட்டுப்போகும். சார்ஜரை எடுத்த உடனே அளந்தால் பொய்யாக அதிகம் காட்டும். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்து, சில மணி நேரம் விட்டு அளந்தேன்: 12.6. அதே கடை, அதே டெஸ்ட்டர், அதே மனிதர். "நல்லா இருக்கே சார்" என்றார், முந்தின நாள் எதுவுமே நடக்காத மாதிரி. ரிப்போர்ட்டைப் பிரின்ட் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

பேட்டரி நல்லது என்றால் கரண்ட்டை யாரோ குடிக்கிறார்கள். மைனஸ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்ப்ஸ் துளையில் வைத்தேன். பானட் பூட்டின் நாக்கை ஸ்க்ரூடிரைவரால் அமுக்கிவிடுங்கள், அப்போதுதான் பானட் மூடியிருப்பதாக நினைத்து வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் அடங்கித் தூங்கும். அதற்கு அரை மணி நேரம்கூட ஆகலாம். மீட்டர் இருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். தூங்கிய வண்டி 0.05 ஆம்ப் அளவுக்கு இழுக்கலாம். எங்களுடையது 0.4. ஒரு நாளைக்கு 9.6 ஆம்ப்-ஹவர், ஐந்து நாள்கூடத் தாங்காது.

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் தூங்குகிற எலக்ட்ரானிக் பெட்டிகள் விழித்துக்கொண்டு குழப்பும். பிடுங்காமலே, ஃபியூஸின் முதுகில் தெரியும் இரண்டு புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். எந்த ஃபியூஸில் மீட்டர் பூஜ்யம் காட்டவில்லையோ அதில்தான் கரண்ட் ஓடுகிறது. அகப்பட்டது டாஷ்கேம், முன் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சாலையைப் படம் பிடிக்கும் கேமரா. அக்சசரி கடையில் சாவியோடு அணைகிற ஃபியூஸில் தராமல், எப்போதும் உயிரோடு இருக்கும் ஃபியூஸில் இழுத்துவிட்டிருந்தார்கள். நிறுத்திய வண்டியையும் அது விடிய விடியப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வோல்டேஜ் குறைந்தால் துண்டிக்கிற பெட்டியும் வைக்கவில்லை.

அக்சசரி கடைக்காரரிடம் கேட்டால், "எல்லா வண்டிக்கும் இப்படித்தான் சார் போடுறோம்" என்றார். நின்று வயரை மாற்ற வைத்தேன், இப்போது 0.03. ஜம்ப் ஸ்டார்ட்டர் வீட்டுக்குள் இருக்கிறது. வெயிலில் நிற்கும் காருக்குள் லித்தியத்தை வைப்பது சரியில்லை, நீண்ட பயணத்துக்கு மட்டும் டிரைவர் சீட்டுக்கு அடியில் வரும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சார்ஜ் போட போனில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன். டாஷ்கேம் மாட்டப் போகிறவர்கள், எந்த ஃபியூஸில் எடுத்தார்கள் என்று காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.