கமலாபுரத்தில் 40 மணி நேரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பாவுக்கு வெள்ளிக் கொலுசுப் பட்டறை. கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தில் விமானம் ஓட்டப் படிக்கப் போகிறேன் என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "முடிச்சா வேலை கிடைக்குமா கண்ணு?"

பிபிஎல், அதாவது தனியார் விமானி உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு இப்போது பதில் சொல்கிறேன். இதை மட்டும் வைத்துச் சம்பளம் வாங்க முடியாது. நண்பர்களை ஏற்றிக்கொண்டு பறக்கலாம். கூலிக்கு ஓட்டக் கூடாது.

இந்த உரிமம் வாங்க 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, கிளாஸ் 2 மருத்துவச் சான்று வேண்டும். ஈசிஜி, காது, நிறப் பார்வை எல்லாம் பார்த்தார்கள். எதிலும் தடை இல்லை. சிக்கல் இனிஷியலில் வந்தது. மதிப்பெண் சான்றிதழில் ஒற்றை எழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயர். சரிசெய்ய இரண்டு மாதம் போனது. நம் ஊரில் பலருக்கும் இப்படித்தான் இருக்கும். பணம் கட்டும் முன் எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

குறைந்தது 40 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 10 மணி நேரம் தனியாக. என்னைப் படுத்தியெடுத்தது தரையிறக்கம்தான். தரையைத் தொடும் முன் மூக்கை மெல்லத் தூக்க வேண்டும். சீக்கிரம் தூக்கினால் விமானம் மிதந்துகொண்டே போகும், தாமதித்தால் தடாலென்று இடிக்கும். நான் சக்கரத்துக்கு அடியில் இருந்த தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஓடுபாதையோட கடைசியைப் பாருப்பா" என்று பயிற்சியாளர் ஐயா சொன்ன அன்றுதான் பிடிபட்டது.

வெயில் ஏறிவிட்டால் தரையிலிருந்து எழும் சூடான காற்று விமானத்தைக் குலுக்கும். அதனால் என் முதல் தனிப் பறப்பு விடிகாலையில். ஐயா இறங்கிக் கதவைச் சாத்தினார். அவர் எடை இல்லாததால் செஸ்னா பயிற்சி விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரமே தரையை விட்டது. கிழக்கே சேர்வராயன் மலை, உச்சியில் மேகம். வலது இருக்கை காலி. செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டே ஒரு சுற்று முடித்து இறங்கினேன். அந்தச் சில நிமிடங்களுக்காக இன்னொரு முறை இனிஷியலோடு மல்லுக்கட்டவும் தயார்.

சரி, வேலை. அதற்கு சிபிஎல், அதாவது வணிக விமானி உரிமம் வேண்டும்: பிளஸ் டூவில் இயற்பியல், கணிதம், கிளாஸ் 1 மருத்துவச் சான்று, 200 மணி நேரம். பிபிஎல்லுக்குப் பறந்த நேரம் இதில் சேரும். வானிலை, வழிகாணல், விதிமுறை என்று ஒவ்வொரு தாளிலும் 70 சதவீதம் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஏர்லைன்ஸ் விமானம் ஓட்ட அந்த விமான ரகத்துக்கென்று பயிற்சி எடுத்து வாங்கும் டைப் ரேட்டிங் தனி, செலவும் தனி. எல்லாம் முடித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்களும் உண்டு. பயிற்சியாளராகும் வழியும் இருக்கிறது; எனக்கு அதில்தான் மனம் போகிறது. வேலைதான் நோக்கம் என்றால், கிளாஸ் 2 வந்ததும் கிளாஸ் 1-க்குப் போய்விடுங்கள். உடம்பு ஒத்துவராது என்பது லட்சங்களைக் கட்டிய பிறகு தெரியக் கூடாது.

அப்பாவிடம் இதையெல்லாம் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். கிளாஸ் 1 வாங்கிவிட்டேன். அடுத்தது வானிலைத் தேர்வு.