முன்சக்கரம் நான்கு விரற்கடை எழும்ப வேண்டும்

கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகள் அசையாமல் நின்ற டிராக்டர் அது. அப்பாவின் ஃபார்மால் எம். 1939 முதல் 1952 வரை இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தயாரித்த வகை; நான்கு சிலிண்டர், ஐந்து கியர். பாரம் ஏற்றிய சறுக்குவண்டியை எவ்வளவு தூரம் இழுக்கிறது என்று பார்க்கும் இழுவைப் போட்டியில் அதை இறக்குவது என்று முடிவெடுத்தபோது, எஞ்சினைச் சரிசெய்துவிட்டால் முக்கால் வேலை முடிந்துவிடும் என்றே நினைத்தேன். அது கால் வேலைதான்.

எஞ்சினில் தொல்லை தந்தது மூன்றாவது சிலிண்டர். மற்ற மூன்றிலும் கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும் காற்றின் அழுத்தம், சதுர அங்குலத்துக்கு 110 பவுண்டை ஒட்டி இருக்க, இதில் மட்டும் 60. பிளக் துளை வழியே ஒரு கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி அளந்தேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருந்தால், எண்ணெய் இடைவெளியை அடைத்து அளவு ஏறியிருக்கும், ஏறவில்லை. அப்படியானால் வால்வுதான். ஹெட்டைக் கழற்றினால், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் பிறை வடிவத்தில் ஒரு கருகல். புது வால்வு போட்டு, அது இருக்கையில் இடைவெளியின்றிப் படிய அரைப்புப் பசை தடவி, சாம்பல் நிற வளையம் எங்கும் அறுபடாமல் முழு வட்டமாகத் தெரியும்வரை கையாலேயே உருட்டித் தேய்த்தேன். அந்த வளையத்தைப் பார்த்த நிறைவு இன்னும் மனத்தில் இருக்கிறது. பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோவில், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து 0.013 அங்குல இடைவெளி வைத்ததும், மஞ்சளாகச் சோர்ந்திருந்த பொறி நீலமாக வெடித்தது. எண்ணெய், பெல்ட், ஹோஸ் எல்லாம் வழக்கமான மாற்றங்கள்.

மெய்யான படிப்பு எடையில்தான் தொடங்கியது. டிராக்டர் இழுக்கும் சறுக்குவண்டியில் எடைப்பெட்டி பின்னால் இருந்து மெல்ல முன்னால் நகர்ந்து வரும். போகப் போகப் பாரம் கூடும். 300 அடி கடந்தால் முழு இழுவை. எங்கள் பிரிவில் ஓட்டுநரோடு சேர்த்து 5,500 பவுண்டு வரம்பு; இழுவைக் கொக்கி தரையிலிருந்து 20 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

முன்பக்கம் தூக்கிவிடுமோ என்ற பயத்தில், எடைக்கட்டிகள் அத்தனையையும் முன்னால் மாட்டினேன். ஒத்திகையில் முன்சக்கரம் மண்ணில் அழுந்திக் கிடக்க, பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தது. அன்றிரவு தாளில் கணக்குப் போட்டேன். 20 அங்குல உயரத்தில் 4,000 பவுண்டு விசையோடு இழுத்தால், முன்பின் அச்சுகளுக்கு இடையே ஏறத்தாழ ஏழரை அடி உள்ள இந்த வண்டியில் 900 பவுண்டு அளவு பாரம் முன்னிருந்து பின்னுக்கு மாறும். அதற்கு மேல் முன்சக்கரத்தில் தங்கும் ஒவ்வொரு பவுண்டும் இழுவைக்கு உதவாத பவுண்டு. பாதிக் கட்டிகளைப் பின்னுக்கு மாற்றினேன். அடுத்த ஒத்திகையில் அண்ணன் தரையில் மண்டியிட்டுப் பார்த்துக் கையை உயர்த்தினார்: முன்சக்கரம் நான்கு விரற்கடை எழும்பி, அப்படியே மிதந்து வந்தது.

சக்கரம் மிதந்தால் ஸ்டியரிங் பேசாது. இடது, வலது பிரேக்கைத் தனித்தனியே மிதித்துத்தான் திருப்ப வேண்டும். அதனால் எண்ணெய் ஊறியிருந்த பிரேக்கை முழுவதும் பிரித்துச் சுத்தம் செய்தோம். பழைய டிராக்டரை இழுவைக்கு எடுப்பவர்கள் இந்த வேலையை ஒருபோதும் கடைசிக்குத் தள்ளக் கூடாது. பின்னால் கயிறு இழுத்தால் எஞ்சினை அணைக்கும் சுவிட்சும் அப்படித்தான்.

பிடிமானத்துக்காக டயர் காற்றைக் குறைத்தேன். அப்போது கொக்கியும் கால் அங்குலம் இறங்கிவிட்டது. காற்று, எடை இரண்டையும் முடித்த பிறகே கொக்கியை அளக்க வேண்டும் என்பது அன்றுதான் தெரிந்தது. ரிம்மிலிருந்து டயர் வரை குறுக்கே ஒரு சுண்ணக்கோடு இழுத்துவைத்தார் அண்ணன்.

போட்டியன்று இரண்டாம் கியரில் 268 அடி. கடைசி இருபது அடியில் எஞ்சின் திணறவே இல்லை. பாரம் ஏறும்போது எரிபொருளைக் கூட்டும் கவர்னர் திறந்து, அப்பா உழும்போது கேட்ட அதே கனத்த குரலில் முழங்கியது. இறங்கியதும் சுண்ணக்கோட்டைப் பார்த்தோம். ரிம்மில் இருந்த பாதியும் டயரில் இருந்த பாதியும் இரண்டு அங்குலம் விலகி நின்றன. டயர் ரிம்மிலேயே வழுக்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் போயிருந்தால் டியூபின் வால்வு அறுந்திருக்கும். அடுத்த முறைக்குக் காற்றை இரண்டு பவுண்டு கூட்டுவது என்று அங்கேயே குறித்துக்கொண்டோம்.