கத்தரிக்கோல் பிடித்த கை

நர்சரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், இடுப்பில் எப்போதும் ஒரு கத்தரிக்கோல் தொங்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டு போகும்போது எங்கே ஒரு மஞ்சள் இலை கண்ணில் பட்டாலும் நறுக்கிவிடுவேன். செடி பளிச்சென்று ஆகிவிடும், வாங்க வருகிறவர்களுக்கும் பிடிக்கும். அதுதான் பராமரிப்பு என்று நினைத்திருந்தேன்.

ஒருமுறை, மூடிய வண்டிக்குள் இரண்டு நாள் கிடந்த செம்பருத்திச் செடிகள் வந்து இறங்கின. நுனி தொங்கி, கீழ் இலைகளெல்லாம் பழுத்திருந்தன. பாதிச் செடிகளை நான் மொட்டையடித்து முடித்திருந்தபோது, அங்கே பல வருடம் வேலை பார்த்த அண்ணன் கையைப் பிடித்தார். "விடுப்பா, அது இன்னும் அந்த இலையைச் சாப்பிட்டு முடிக்கல."

அப்போது புரியவில்லை. இலை பழுப்பது என்றால், செடி அதன் பச்சையத்தை உடைத்து, உள்ளே இருக்கும் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் எல்லாவற்றையும் முடிந்தவரை உருவி, கொழுந்துக்கும் தண்டுக்கும் அனுப்புகிறது என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். வேர் சரியாக உறிஞ்சாத நேரத்தில் பழைய இலைதான் அதற்குச் சேமிப்பு, நான் அதைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் காப்பாற்றிய பாதி முந்தித் துளிர்த்தது. ஆனால் அந்தப் பக்கம் நிழலும் கொஞ்சம் கூடுதல், அதனால் சத்தியம் செய்து சொல்லமாட்டேன்.

இப்போது விரலால் இலையை லேசாகத் தள்ளிப் பார்ப்பேன். செடிக்கு அது வேண்டாம் என்றால் காம்படியில் ஏற்கெனவே பிரிந்திருக்கும், தொட்டதும் கையோடு வரும். இழுக்கவேண்டியிருந்தால் விட்டுவிடுவேன், இழுத்தால் சில சமயம் தண்டுத் தோலும் சேர்ந்து உரியும். நுனி மட்டும் கருகிய இலையையும் தொடுவதில்லை, மிச்சப் பச்சை இன்னும் வேலை செய்கிறது. முழுக்கக் காய்ந்து மொறுமொறுவென்று ஆனது இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான், ஈரம் தங்குகிற இடமாக இருந்தால் மட்டும் பூஞ்சைக்குப் பயந்து எடுத்துவிடுவேன்.

நோய் வந்தால் கதையே வேறு. ரோஜாவில் கரும்புள்ளி தெரிந்த இலையில் தயவுதாட்சண்யமே கிடையாது, கீழே உதிர்ந்ததையும் பொறுக்கி அப்புறப்படுத்தவேண்டும், அது எருக்குழிக்கும் போகக்கூடாது. அப்புறம் கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்காமல் அடுத்த செடிக்குப் போனால், நோயை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வாய்ப்பிருக்கிறது.

பச்சையாகவே வாடி நிற்கிற செடியில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். முதலில் மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். தண்ணீர் அதிகமாகி வேர் மூச்சுமுட்டினாலும் செடி வாடும், அப்போது இலையை வெட்டியும் பயனில்லை, இன்னொரு குவளை ஊற்றினால் கேடுதான். தொட்டி மாற்றி வேர் அறுந்த செடிக்கு மேலே மூன்றில் ஒரு பங்கை வெட்டிக் கவாத்து செய்யச் சொல்லித்தான் எனக்குப் பழக்கினார்கள், நானும் கேள்வி கேட்காமல் செய்தேன். இப்போது செய்வதில்லை. புது வேர் பிடிக்கச் சொல்லும் ஆக்சின் என்கிற ஹார்மோன் கொழுந்திலிருந்துதான் கீழே இறங்குகிறது, அதைப் போய் வெட்டுவானேன்? சில நாள் நிழலில் வைத்து, காற்று படாமல் பார்த்துக்கொள்கிறேன். வெட்டி நட்ட, வேரே இல்லாத குச்சிக்கு மட்டும் இலையைக் குறைப்பேன்.

மஞ்சள் இலையோடு நிற்கும் தொட்டிகளைப் பின்வரிசைக்கு நகர்த்திவிடுகிறேன். முன்வரிசை காலியாகக் கிடக்கிறதே என்று முதலாளி கேட்டால், "அதுங்க லீவுல இருக்குங்க சார்" என்பேன்.