அட்டையில் வந்த வசனமும் அதற்கு முந்தின வசனமும்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் நம்ம பக்கத்து ஆலயங்கள் பலவற்றில், புது வருஷத்துக்கென்று ஒரு வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்பது உண்டு. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பேருக்கும் ஒன்று. எரேமியா 29:11 வந்துவிட்டால் முகம் மலர்ந்துவிடும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." இந்த வருஷம் மகனுக்கு விசா வந்துவிடும் என்றே வீட்டில் பேச்சு. ஜூன் வரை வரவில்லை என்றால் பேச்சு மாறும்: ஆண்டவர் நம்மை மறந்துட்டாரோ?

அட்டை பாவம், அது என்ன செய்யும்? முந்தின வசனத்தை யாரும் வாசிக்கவில்லை. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா தீர்க்கதரிசி அனுப்பின கடிதம் இது. 10ஆம் வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் முடியவேண்டும் என்கிறது. அதற்கும் முன்னால், 5, 6 வசனங்களில், வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணிவையுங்கள் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் அநேகர் எருசலேமைத் திரும்பப் பார்த்திருக்க வழியில்லை. சமாதான நினைவுகள் அவர்கள்பேரிலும்தான். ஆகவே எந்த அட்டை வந்தாலும் அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிட்டுச் சுவரில் ஒட்டுங்கள்.

தேவன் நம்மேல் வைத்த அன்பைப் பற்றி 1 யோவான் 4:16இல் "அறிந்து விசுவாசித்திருக்கிறோம்" என்று இரண்டு வினைகள் வருகின்றன. நம்மில் பலருக்கு முதலாவது ஓய்வுநாள் பள்ளியிலேயே முடிந்துவிட்டது. மனப்பாட வசனம் கேட்டால் தூக்கத்திலும் சொல்வோம். இரண்டாவதில்தான் தடுமாற்றம். அன்பை எதை வைத்து அளப்பது என்பதில் கோளாறு. இன்றைக்கு நடந்த காரியத்தை வைத்து அளந்தால் அளவு தினமும் மாறும். ரோமர் 5:8 அளவுகோலைச் சிலுவையில் வைக்கிறது, அதுவும் "நாம் பாவிகளாயிருக்கையில்". நாம் திருந்தியபிறகு காட்டிய அன்பு என்றால், நாம் வழுக்கினால் அது குறையுமோ என்று பயப்படலாம். திருந்தாதபோதே காட்டியதற்கு அந்தப் பயம் ஒட்டாது.

தாமதம் இன்னொரு இடறல். யோவான் 11இல் 5ஆம் வசனம் இயேசு மார்த்தாளிடத்திலும் அவள் சகோதரியிடத்திலும் லாசருவினிடத்திலும் அன்பாயிருந்தார் என்கிறது. உடனே 6ஆம் வசனம்: லாசருவுக்கு வியாதி என்று கேட்டும் இருந்த இடத்திலேயே பின்னும் இரண்டு நாள் தங்கினார். நாமாக இருந்தால் நடுவில் ஒரு "ஆனாலும்" போட்டிருப்போம். யோவான் போடவில்லை.

பொருத்தனை விஷயமும் கொஞ்சம் சொல்லவேண்டும். வேலை கிடைத்தால் அசனத்துக்கு, அதாவது சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் ஆலய விருந்துக்கு, ஒரு மூடை அரிசி என்று நேர்ந்துகொள்வது நம்ம ஊர் வழக்கம். நன்றியாகக் கொடுத்தால் அழகு. மூடையைக் காட்டிக் காரியம் சாதிக்கப் பார்த்தால் ஆண்டவரை முதலாளி ஆக்கிவிடுகிறோம். லூக்கா 15இல், தன் பங்குச் சொத்தை அழித்துவிட்ட இளைய மகன் தகப்பனிடம் திரும்பி ஊருக்கு வரும்போது ஒரு பேச்சைத் தயார்பண்ணி வருகிறான். அதன் கடைசி வரி, கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும் என்பது. 19ஆம் வசனத்தையும் 21ஆம் வசனத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: தகப்பன் முன்னால் அந்த வரி வரவே இல்லை. அசனப் பந்தியில்கூட, நீ எத்தனை மூடை கொடுத்தாய் என்று குழம்பு வாளிக்காரர் கேட்பதில்லையே.

பழக்கமாகச் செய்ய ஒன்று. சங்கீதம் 136இல் 26 வசனம். ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். முதல் பாதியை நடப்பு விவரமாகவும் மறுபாதியைப் பதிலாகவும் வீட்டில் இருவர் மாறிமாறி வாசியுங்கள். முடிந்ததும் அந்த வாரத்தின் காரியங்களை, கடன் தவணை, ஆஸ்பத்திரி செலவு, மழை, எல்லாவற்றையும் அதே தாளத்தில் ஆளுக்கொன்றாகச் சொல்லுங்கள். நல்லதை மட்டும் பொறுக்கினால் பயிற்சி கெட்டுப்போகும். அந்தச் சங்கீதத்திலேயே வனாந்தரமும் சத்துருக்களும் உண்டு. பத்து நிமிஷம் போதும்.

வாயைத் திறக்கவே மனசில்லாத நாட்களில் 136 கசக்கும். வற்புறுத்த வேண்டாம். அன்றைக்கு 88ஐ எடுங்கள். ஆறுதல் வார்த்தை ஏதுமின்றி முடிகிற சங்கீதம் அது. ஆனால் முதல் வரியில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அத்தனை புலம்பலும். கூடவே வாசிக்க ஒருவரை உட்காரவைத்துக்கொள்ளுங்கள், விளக்கம் சொல்லாத ஆளாகப் பார்த்து.