வேகம் குறைந்த படகே நல்ல படகு

முதல் படகில் எனக்கு ஐந்தில் ஒரு பங்குதான். 1988இல், நோர்வேயின் வடகோடியான பின்மார்க்கில், போட்ஸ்பியோர்ட் என்ற மீன்பிடி ஊரில் ஐந்து பேர் சேர்ந்து வாங்கியது. அந்தக் காலத்தில் பின்மார்க் கரையோர மீன் தொழிற்சாலைகளில் இலங்கையிலிருந்து வந்த நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்தோம். படிப்பு விசாவில் 'மக்கள் உயர்நிலைப் பள்ளி' எனப்படும் விடுதிப் பள்ளிகளுக்கு வந்து, பிறகு வடக்கே வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு பஸ்ஸும் கப்பலும் மாறி ஏறிப் போனவர்கள். வாரம் முழுவதும் மீனில் முள் எடுத்துவிட்டு, லீவு நாளில் மீன் பிடிக்கவென்று படகு வாங்கிய எங்களை ஒஸ்லோவில் இருந்த நண்பர்கள் நன்றாகக் கேலி செய்தார்கள். அவர்களுக்கென்ன, செய்வார்கள். எங்கள் ஐவரில் மூவர் கடற்கரையில் பிறந்தவர்கள். எதிரே கடல் கிடக்கும்போது ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அறைக்குள் இருந்து சீட்டாட எங்களால் முடியவில்லை.

இன்னொரு வசதியும் இருந்தது. நோர்வேயில் வசிப்பவர் தன் வீட்டுச் சமையலுக்குக் கடலில் தூண்டில் போட உரிமமும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். ஆற்றில் சால்மன் பிடிப்பதற்குத்தான் பணம் கட்ட வேண்டும். வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் ஒரு படிவம் நிரப்பிக்கொண்டிருந்த எங்களுக்கு, கேள்வி கேட்காத ஒரே இடம் கடல்தான்.

அது ஒரு பழைய மரப்படகு. தொழிற்சாலையில் எங்களோடு நின்ற முதியவர் ஒருவர் விற்றார். மேல்பலகையின் விளிம்பு கீழ்ப்பலகையின் மேல் ஏறிப் படிந்திருக்க, இரண்டையும் சேர்த்து ஆணி அறைந்து மடக்கிய கட்டு. முதலில் சட்டம் கட்டிப் பிறகு பலகை அடிப்பதில்லை. பலகைகளால் கூட்டை உருவாக்கிவிட்டுத்தான் உள்ளே வங்குகளை, அதாவது குறுக்குச் சட்டங்களை, பொருத்துவார்கள். அதனால் படகு மெலிந்து, இலேசாக இருக்கும். அலையில் கொஞ்சம் வளைந்தும் கொடுக்கும். வைக்கிங் கப்பல்களும் இதே முறையில் கட்டப்பட்டவைதான். 2021இல் யுனெஸ்கோ இந்த வடநாட்டுப் படகுக் கலையைத் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நாங்கள் அதை மலிவு என்பதற்காகத்தான் வாங்கினோம்.

குளிர்காலம் முழுவதும் கரையில் கவிழ்ந்து கிடந்த படகை மே மாதம் தண்ணீரில் இறக்கியபோது, ஒவ்வொரு பொருத்திலிருந்தும் நீர் உள்ளே வழிந்தது. நண்பன் ஒருவன் முதியவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கப் புறப்பட்டுவிட்டான். நான் தடுத்தேன். ஊரில் அப்பாவின் வள்ளமும் வெயிலில் நெடுநாள் கிடந்தால் அப்படித்தான் ஒழுகும். பலகை நீரைக் குடித்து ஊதினால் வெடிப்பு தானே அடைபடும். இரண்டு நாள் தண்ணீர் இறைத்தோம், ஒழுக்கு நின்றது. ஊரில் மரத்துக்கு மீன் எண்ணெய் பூசுவோம். இங்கே பைன் மரத் தாரும் ஆளிவிதை எண்ணெயும் கலந்து பூசுகிறார்கள். மூக்குக்கு இரண்டும் ஒரே தண்டனை.

துடுப்பு வலிப்பதுதான் புதிதாக இருந்தது. எங்கள் களப்புக் கடலில் கம்பு ஊன்றி, முன்னே பார்த்து நின்றபடி வள்ளத்தைத் தள்ளிப் பழகியவன் நான். இங்கே போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு துடுப்பையும் இழுக்க வேண்டும். படகின் முன்முனையான அணியம் எங்கே போகிறது என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக் கழுத்து வலி எடுத்ததுதான் மிச்சம். முதியவர் ஒருநாள் கூடவே வந்து, திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரையைப் பார் என்றார். கரையில் ஒரு பாறையையும் அதற்குப் பின்னால் மலையில் தெரியும் ஒரு பிளவையும் நேர்கோட்டில் பிடித்துக்கொண்டு வலித்தால் படகு விலகாது. பக்கவாட்டில் இன்னொரு சோடி அடையாளம் நேர்ப்படும் இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே மீன். எங்கள் ஊரில் இதே வேலைக்குக் கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் இருந்தன. அவர் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டதைக் கண்டு அவருக்கு ஆச்சரியம். அன்றிலிருந்து தொழிற்சாலையில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கினார்.

இரை குத்த வேண்டிய அவசியமும் இல்லை. பளபளக்கும் ஈயக்கட்டியில் தூண்டில்முள்ளைக் கொளுவி, அதை அடிவரை இறக்கி, கையால் மேலும் கீழும் சுண்டிக்கொண்டிருந்தால் போதும். தொர்ஸ்க் என்கிற கொட் (cod) மீன் அதையே சிறுமீன் என்று நம்பி விழுங்கும். சூடான நீரோட்டம் வந்து சேர்வதால் அத்தனை வடக்கிலும் அங்கே கடல் உறைவதில்லை. ஆனால் நவம்பர் இறுதியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதி தாண்டித்தான் தலை காட்டும். அந்த மாதங்களில் படகு கரையில், நாங்கள் சீட்டாட்டத்தில்.

தொண்ணூறுகளில் ஒவ்வொருவராகத் தெற்கே இறங்கினோம். என் பங்கை அங்கே மிஞ்சிய இருவரிடம் விட்டுவிட்டு நான் மேற்குக் கரை நகரான பேர்கனுக்கு வந்தேன். அங்கே வாங்கியது பதினைந்து அடிக் கண்ணாடியிழைப் படகு, 9.9 குதிரைவலு வெளியிணைப்பு இயந்திரம். இதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒழுகாது, தார் கேட்காது, எங்கும் இடித்தாலும் பெரிதாக அலட்டிக்கொள்ளாது. கல்யாணமான புதிதில் மனைவியை ஏற்றிப் போனதும், பிள்ளைகள் கடலைப் பழகியதும் இதில்தான். பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் 10 குதிரைவலு வரையிலான, 10 நொட்டுக்கு (மணிக்குப் பத்துக் கடல்மைல்) மேல் ஓடாத சிறு படகைத் தாமே ஓட்டலாம் என்று சட்டம் இருப்பதால், மகன் மீசை முளைக்கும் முன்பே சுக்கான் பிடித்தான்.

அந்தப் படகின் மினுக்கான வெள்ளைப் பக்கத்தைத் தடவிப் பார்த்தபோது காரைநகர் நினைவுக்கு வந்தது. அப்பா எழுபதுகளில் மரவள்ளத்தை விற்றுவிட்டு வாங்கியதும் கண்ணாடியிழைப் படகுதான். காரைநகரில் சீநோர் நிறுவனத்தின் படகுத்தளத்தில் வார்த்தது. 1956இல் நோர்வேக்கு வந்த அந்தோனி இராஜேந்திரம், நோர்வே நண்பர்களின் உதவியைத் திரட்டி அறுபதுகளின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய நிறுவனம் அது. காரைநகரில் படகு, குருநகரில் வலை. இங்கே வந்த நம்மவர்களுக்கு அவரே முன்னோடி. ஆக, நோர்வேக்காரர் கொடுத்த காசில் அப்பா மரத்தை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறினார். மகன் நோர்வேக்கே வந்து முதல் வேலையாக மரப்படகு வாங்கினான். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "இத்தனை தூரம் போயும் ஒழுகுகிற வள்ளம்தானா கிடைத்தது?" என்றார்.

மூன்றாவது படகுக்கு வருவோம். இருபத்திரண்டு அடி, முன்னால் சிறு அறை, பின்னால் 115 குதிரைவலு. பிள்ளைகள் பதின்வயதில் இருந்தார்கள். நண்பர்கள் வீட்டில் எல்லாம் வேகப்படகு இருந்தது. படகுத்துறையில் நிற்கும்போது அதைப்போல அழகானது வேறில்லை. பிரச்சினை எல்லாம் அது நகரத் தொடங்கிய பிறகுதான். வேகம் கூடினால் அணியம் தூக்கிக்கொண்டு நீரின் மேல் வழுக்கி ஓடும். அந்த நிலையில் ஒரு கடல்மைலுக்கு ஏறக்குறைய ஒரு லீற்றர் பெற்றோல். வேகத்தைக் குறைத்தால் செலவு குறையும் என்று நினைப்போம். இடைப்பட்ட வேகத்தில் பின்பக்கம் அமிழ்ந்து, தண்ணீரை உழுதுகொண்டு இன்னும் அதிகம் குடிக்கும். சிறு அலையிலும் அடிப்பலகை மடார் மடாரென்று அறையும். தேநீர் ஊற்ற முடியாது. சோற்றுப் பார்சலைப் பிரிக்க முடியாது. பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தியபடி நாற்பது நிமிடத்தில் ஒரு தீவுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே என்ன செய்வதென்று ஆளையாள் பார்த்துக்கொண்டு இருப்போம்.

இந்தப் படகுக்கு மகனிடம் சான்றிதழும் இருக்க வேண்டியிருந்தது. 2010 மே மாதத்திலிருந்து, 1980ஆம் ஆண்டிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் உள்ள படகை ஓட்டப் பரீட்சை எழுத வேண்டும். அதற்கு முன் பிறந்த எனக்குப் பரீட்சை இல்லை. அவன் இரவிரவாக வெளிச்சவீட்டு விளக்குகளின் நிறங்களையும் யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்து தேறிவிட்டு வந்து, என் ஓட்டத்தில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கினான். பெரும்பாலும் அவன் சொன்னது சரியாகவே இருந்தது, அதுதான் எரிச்சல். அவன் படிக்க வேறு ஊருக்குப் போனதும் படகை விற்றுவிட்டோம். விளம்பரம் போட்ட அன்றே ஆள் வந்தார்.

இப்போது வைத்திருப்பதுதான் என் படகு என்று நான் சொல்லிக்கொள்வது. இங்கே 'ஸ்னெக்கே' என்பார்கள். முன்னும் பின்னும் கூர், வயிறு உருண்டை, நடுவில் ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம். அந்த இயந்திரமும் பேர்கனில் செய்ததுதான். சாப் என்று பெயர்; 1925இல் சகோதரர் இருவர் தொடங்கிய தொழிற்சாலை. என்னுடையது 10 குதிரைவலு. கைப்பிடியை மாட்டி, அமுக்கத்தை விடுவிக்கும் நெம்பைத் தூக்கிவிட்டு, கனத்த சக்கரத்தைக் கையால் சுற்ற வேண்டும். சக்கரம் தன் எடையில் சுழலத் தொடங்கியதும் நெம்பைத் தட்டி விழுத்தினால் 'டொங்' என்று ஒன்று. சற்று யோசித்துவிட்டு இன்னொன்று. பிறகு அது பாட்டுக்கு உரல் இடிக்கத் தொடங்கிவிடும். மின்கலம் செத்தாலும் வீடு வந்து சேரலாம் என்பது இதன் பெரிய ஆறுதல்.

பின்னே போவதற்குப் பல்சக்கரப் பெட்டி கிடையாது. தண்டு எப்போதும் ஒரே பக்கம்தான் சுழலும். ஒரு சிறு சக்கரத்தைத் திருகினால் நீருக்குள் விசிறியின் இதழ்களே கோணம் மாறும்: முன்னே, நடுவே, பின்னே. நடு எங்கே என்று கைக்குப் பழக ஒரு கோடை முழுவதும் எடுக்கும். துறையில் பக்கத்துப் படகுக்காரர்கள் நான் வருவதைக் கண்டால் எழுந்து நின்று தங்கள் படகுக்குக் கைகாவல் கொடுத்த காலம் அது.

வேகம் ஆறு நொட். எத்தனை வலு பூட்டினாலும் பெரிதாகக் கூடாது. நீரை விலக்கிக்கொண்டு போகும் படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொள்ளும். நீரில் படியும் நீளத்தைப் பொறுத்தே அதன் உச்ச வேகம். இருபதடி நீளம் படிந்தால் ஏறக்குறைய ஆறு நொட், அவ்வளவுதான். மணிக்கு ஒன்றரை லீற்றர் டீசலும் போகாது. அலையில் அறையாது, அசைந்துகொடுக்கும். மனைவி ஓடும் படகிலேயே மண்ணெண்ணெய் அடுப்பில் தேநீர் வைக்கிறார். முன்பு கத்தி முடித்துவிடும் தூரத்தை இப்போது பேசிக்கொண்டே கடக்கிறோம்.

சிங்க இறால் பிடிக்கவும் இதுதான் தோது. பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கும். நான் தொடங்கிய காலத்தில் ஒருவருக்குப் பத்துக் கூடு. 25 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததும் முட்டை தாங்கியதும் திரும்பக் கடலுக்கே. ஒவ்வொரு கூட்டிலும் சிறியவை தப்பிப்போக 60 மில்லிமீற்றர் வட்டத் துளைகள் இருக்க வேண்டும். அதோடு, ஒரு வாசலைப் பருத்தி நூலால்தான் கட்ட வேண்டும். கயிறு அறுந்து கூடு அடியில் தொலைந்துபோனால், சில மாதத்தில் நூல் உக்கி வாசல் திறந்துகொள்ளும்; உள்ளே அகப்பட்டது பட்டினி கிடந்து சாகாது. அந்த நூலை முடிவது என் வேலை. முடிச்சுப் போடும்போதெல்லாம் இதை யோசித்துக் கண்டுபிடித்த அதிகாரிக்கு ஒரு நல்ல நண்டுக்கறி கொடுக்கலாம் என்று தோன்றும்.

மகளுக்கு இப்போது மின்சார மோகம். மெதுவாகப் போகும் இந்த வகைப் படகுக்குத்தான் மின்மோட்டர் சரியாகப் பொருந்தும், வேகப்படகுக்கு மின்கலம் தாக்குப்பிடிக்காது என்கிறாள். கணக்கு அவள் பக்கம். சத்தம் இருக்காது, புகை இருக்காது, கைப்பிடி சுற்றித் தோள் வலிக்காது. நான் இன்னும் பிடிகொடுக்கவில்லை. மாற்றுவதானால் மாற்றுங்கள், ஆனால் கழற்றிய அந்த இரும்பை வீட்டுக்குக் கொண்டுவந்து வரவேற்பறையில் வைக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே மறந்துவிடுங்கள் என்று மனைவி முன்கூட்டியே சொல்லிவிட்டார். கார் நிறுத்தும் கொட்டகையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.