முப்பத்தோரு இரவுகள்

அவளுடைய நோட்டு என் மேசையில் இருக்கிறது. கோடு போட்ட சாதாரண நோட்டு. அட்டையில் பெயர்கூட இல்லை, 'அல்கால்' என்று மட்டும் எழுதியிருக்கிறாள். இந்த மாதத்தோடு அவள் போய் ஒரு வருடம் ஆகிறது. வயது 19. கல்லூரி விட்டு சாலையைக் கடக்கும்போது லாரி மோதிவிட்டது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை. அவளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நான் இயற்பியல் நடத்துகிறேன். ஒருநாள் ஒளியியல் வகுப்பில் பாடத்தை விட்டு விலகி, ஜான் குட்ரிக் பற்றிச் சொன்னேன். இங்கிலாந்தில் யார்க் நகரத்து இளைஞர், சிறு வயதிலேயே காது கேட்காமல் போனவர். 1782 நவம்பரில், 18 வயதில், அல்கால் நட்சத்திரம் மங்குவதைப் பார்த்தார். விடாமல் கவனித்து, அது ஒழுங்கான இடைவெளியில் மங்குகிறது, ஏதோ ஒரு இருண்ட பொருள் அதன் குறுக்கே வந்து மறைக்கலாம் என்று எழுதினார். அடுத்த ஆண்டு இங்கிலாந்தின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. 1786 ஏப்ரலில் அதே சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. நான்கே நாளில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 21 வயது.

வகுப்பு முழுக்க உச்சுக் கொட்டியது. மூன்றாவது பெஞ்சிலிருந்து இவள் மட்டும் கேட்டாள்: "அதுக்குள்ள எத்தனை ராத்திரி பார்த்திருப்பார் சார்?"

நோட்டின் முதல் வரியில் இருப்பது அன்றைய தேதிதான்.

அல்காலைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். பெர்சியஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் வெறும் கண்ணுக்கே தெரியும். அதைவிடப் பிரகாசமான ஒன்றையும் மங்கலான ஒன்றையும் பக்கத்தில் தேர்ந்துகொண்டு, இரண்டுக்கும் நடுவில் இது எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் குறிக்கும் எண்ணுக்கு ஒளித்தரம் என்று பெயர். சாதாரணமாக 2.1 இருக்கும் அது, குறுக்கே வரும் பொருள் மறைக்கும்போது 3.4 வரை போகும். எண் கூடினால் வெளிச்சம் குறைவு என்று அர்த்தம். கேட்க எளிது. ஆனால் கண் இருட்டுக்குப் பழகவே அரை மணி நேரம் ஆகும். நடுவில் ஒருமுறை போனைப் பார்த்துவிட்டால் போச்சு, மறுபடி முதலிலிருந்து. அவள் டார்ச்சில் சிவப்புத் தாள் ஒட்டி, அந்த வெளிச்சத்தில் எழுதியிருக்கிறாள். சில இடங்களில் ஒரு வரிமேல் இன்னொரு வரி ஏறியிருக்கிறது.

அந்த நோட்டில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது 17-ஆம் வரியில். 3.1 என்று எழுதி, ஒரே கோடாக அடித்திருக்கிறாள். பக்கத்தில் பொடி எழுத்தில்: "இன்றைக்கு மங்கும் என்று தெரிந்துகொண்டே பார்த்தேன். இதைச் சேர்க்கக் கூடாது." யாரும் கேட்டுச் செய்ததல்ல. இதற்கு மதிப்பெண்ணும் கிடையாது, நோட்டை நான் பார்ப்பேன் என்பதும் அவளுக்குத் தெரியாது. அதற்கப்புறம் மங்கும் நேரங்களைத் தம்பியிடம் கணக்குப் போடச் சொல்லி, தன்னிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். இருபது வருடமாக ஆய்வகப் பதிவேடுகள் திருத்துகிறேன். வராத அளவை வந்ததாக எழுதுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். வந்த அளவை வேண்டாம் என்று அடித்தவள் இவள் ஒருத்தி.

கடைசிப் பக்கத்தில் கணக்கு. ஒரு நாள் இரவு 10.40-க்கு மிகவும் மங்கியிருந்தது. அதிலிருந்து 23 நாள் கழித்து இரவு 9.44-க்கு மறுபடி அதே நிலை. நடுவில் 8 சுற்று. வகுத்தால் 2 நாள் 20 மணி 53 நிமிடம். உண்மையான அளவு 2 நாள் 20 மணி 49 நிமிடம். வெறும் கண்ணாலும் ஒரு கைக்கடிகாரத்தாலும் 4 நிமிட வித்தியாசத்தில் வந்து நிற்கிறாள். ஓரத்தில் "1889 - 1786 = 103" என்று ஒரு கழித்தல். புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அல்காலை மறைக்கும் துணை நட்சத்திரம் ஒன்று இருப்பது, அதன் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்க்கும் நிறமாலை வழியாக உறுதியானது 1889-இல். குட்ரிக் இறந்து 103 வருடம் கழித்து.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லாரும் 'பெரிய விஞ்ஞானியாக வந்திருக்க வேண்டியவள்' என்றார்கள். நானும்தான் சொன்னேன். இந்த நோட்டைப் படித்த பிறகு அந்த வார்த்தை எனக்கு உறுத்துகிறது. வந்திருக்க வேண்டியவள் என்ன, வந்துவிட்டவள். நான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அவள் இருக்கும்போதே.

நோட்டை என்னிடம் கொடுத்தது அவள் அம்மா. "இதுல என்ன எழுதியிருக்கான்னு எனக்குப் புரியல சார். ராத்திரி ராத்திரி மாடிக்குப் போவா. குளிருது, வந்து படுன்னு திட்டிக்கிட்டே இருப்பேன்" என்றார். மேசையில் வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். 31 இரவு. 17-ஆம் வரி வந்ததும் அந்த எழுத்தின் மேல் விரலை வைத்தார், வெகுநேரம் எடுக்கவில்லை.

போன வாரம் அல்கால் மங்கும் ஒரு நாளாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதே மாடி. விளக்குகளை அணைத்துவிட்டு அரை மணி நேரம் பேசாமல் இருந்தோம். எதைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டினேன், எப்படி இருக்கும் என்று சொல்லவில்லை. அம்மா ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பக்கத்துல இருக்கறதைவிட இது கொஞ்சம் டல்லா இருக்குங்களா சார்?" என்றார்.

"ஆமாம்மா."

"எப்போ பழையபடி ஆகும்?"

"இன்னும் அஞ்சு மணி நேரம் ஆகும்மா."

அவர் அவளுடைய தம்பியைக் கூப்பிட்டு, கீழே இருந்து இன்னும் இரண்டு நாற்காலி எடுத்து வரச் சொன்னார்.