ஆறாம் வகுப்பின் ஜூன் மாதம்

ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருக்க எங்கள் பள்ளியில் பெரும்பாலும் யாரும் ஆசைப்படுவதில்லை. பத்தாம் வகுப்பு என்றால் தேர்ச்சி விகிதம், பாராட்டு என்று ஏதாவது உண்டு. ஆறாம் வகுப்பில் சத்தமும் அழுகையும்தான். ஆனாலும் பல வருடங்களாக நான் அதையே கேட்டு வாங்கிக்கொள்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில், கீரமங்கலத்தைச் சுற்றிய பூ விளையும் பகுதியில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. பக்கத்து ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஜூன் மாதம் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

அவர்கள் படித்தவற்றில் பல ஈராசிரியர் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒரே டீச்சர் காலையிலிருந்து மாலை வரை கூடவே இருப்பார். பிள்ளையின் அம்மா பெயர், அப்பா எந்த ஊரில் வேலை பார்க்கிறார், போன மாதம் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்தான் அங்கே பெரியவர்கள். காலை வழிபாட்டை நடத்துவார்கள், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கை கழுவக் கூட்டிப்போவார்கள், டீச்சர் கொடுத்தனுப்பும் சாவியை வாங்கிவந்து கதவைத் திறப்பார்கள். ஒரு கோடை விடுமுறை முடிந்து பார்த்தால், மீசை அரும்பிய அண்ணன்களுக்கு நடுவில் பள்ளிக்கே சின்னப் பிள்ளைகளாக நிற்கிறார்கள். சாவியைக் கொடுக்க ஆளில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடவும் ஆளில்லை.

முதல் நாள் முதல் பீரியட் முடிந்து மணி அடிக்கும். கணக்கு சார் வெளியே போவார். உடனே பாதி வகுப்பு பையை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்கும். ஆசிரியர் போய்விட்டால் பள்ளி விட்டுவிட்டது என்றுதான் அவர்களுக்கு அர்த்தம். அடுத்து அறிவியல் டீச்சர் உள்ளே வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு மெதுவாக உட்காருவார்கள். ஒரே நாளில் ஐந்தாறு புது முகங்கள், ஐந்தாறு விதமான குரல்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு சட்டம். ஒருவர் கோடு போட்ட நோட்டு கேட்பார், இன்னொருவர் கோடு போடாதது கேட்பார்.

அப்புறம் பேனா. எங்களிடம் வருகிறவர்களில் பலர் ஐந்தாம் வகுப்பு வரை பென்சிலில் எழுதியவர்கள். "டீச்சர், தப்பாயிட்டா எப்படி அழிக்கறது?" என்று முதல் வாரம் முழுக்கக் கேட்பார்கள். ஒரு பெண் பிள்ளை எல்லாவற்றையும் முதலில் பென்சிலில் லேசாக எழுதி, அதன்மேலேயே பேனாவை ஓட்டி, பிறகு பென்சில் தெரியாமல் ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் எழுதுவதற்குள் அடுத்த ஆசிரியர் வந்துவிடுவார். ஆசிரியர்கள் அறையில் அவளைப் பற்றிச் சொன்னது, 'ரொம்ப ஸ்லோ'. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பான வார்த்தையின் மேல் ஒரே ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போகலாம் என்று காட்டினேன். "திட்ட மாட்டாங்களா டீச்சர்?" என்றாள். கையில் வேகம் இல்லாமல் இல்லை, பயம்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது.

தண்ணீர் பாட்டிலையும் நான் பார்ப்பேன். ஜூன் மாதத்தில் மாலை மணி அடிக்கும்போது பெண் பிள்ளைகளின் பாட்டில்கள் பெரும்பாலும் காலையில் கொண்டுவந்த அளவிலேயே இருக்கும். பழைய பள்ளியில் டீச்சரைப் பார்த்து விரலைக் காட்டினால் போதும். இங்கே வகுப்பில் இருப்பது யாரோ ஒரு சார், கழிப்பறை மைதானத்துக்கு அந்தப் பக்கம், வழியில் பெரிய பையன்கள். கேட்க வெட்கப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். இப்போது பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவே மணி அடிக்கிறோம், நல்ல ஏற்பாடு. அந்த மணிக்கும் பாட்டிலை வாயில் வைத்துவிட்டு மூடிவிடும் பிள்ளைகள் உண்டு. அதனால் முதல் நாளே பெண் பிள்ளைகளை மொத்தமாகக் கூட்டிப்போய்க் கழிப்பறையைக் காட்டிவிடுவேன். இரண்டு இரண்டு பேராகப் போகலாம், எந்த ஆசிரியர் வகுப்பானாலும் கேட்கலாம் என்று அந்தந்த ஆசிரியர் முன்னாலேயே சொல்லிவைப்பேன். யாருடைய பாட்டில் எந்த வாரம் காலியாக ஆரம்பிக்கிறது என்பதை வைத்தே அந்தப் பிள்ளை பள்ளியோடு ஒட்டிவிட்டதா என்று எனக்குத் தெரிந்துவிடும். மதிப்பெண் பட்டியல் இதைச் சொல்லாது.

அடுத்தது வயிற்று வலி. ஜூன் மாதத்தில் இரண்டாவது பீரியட் ஆனால் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பள்ளி பிடிக்காமல் நடிக்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். புது இடத்துப் பயம் பிள்ளைகளுக்கு வயிற்று வலியாகவும் தலைவலியாகவும்தான் வெளியே வரும், அது நிஜமான வலி. எங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. 2022-இல் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்த காலை உணவுத் திட்டம் 1 முதல் 5-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கானது. இங்கே அம்மாக்கள் விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போய்விடுகிறார்கள். பூ வாடுவதற்குள் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். காலையில் அடுப்பு எரியாத வீட்டுப் பிள்ளைக்கு ஏப்ரல் வரை பள்ளியில் பொங்கலோ உப்புமாவோ கிடைத்தது. ஜூனில் அது இல்லை. மதியச் சத்துணவு வரை பசியோடு உட்கார்ந்திருக்கிறது. பயத்தால் வரும் வலியா, பசியால் வரும் வலியா என்று நான் பிரித்துப் பார்ப்பதில்லை. முதலில், "காலைல என்ன சாப்ட்ட?" என்று கேட்பேன். என் மேசையில் பிஸ்கெட்டும் வேர்க்கடலையும் எப்போதும் இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கும் காலை உணவு வேண்டும் என்று கூட்டங்களில் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். 10 வயது முடிந்ததும் பசி நின்றுவிடாது.

இந்த மாற்றத்தைப் பற்றி அமெரிக்காவில் நிறைய ஆய்வு செய்தவர் ஜாக்குலின் எக்கிள்ஸ் என்ற உளவியலாளர். பிள்ளை வளர்ந்து, தன் பேச்சுக்கு மதிப்பும் வீட்டுக்கு வெளியே ஒரு பெரியவரின் நெருக்கமும் தேடும் வயதில், பள்ளியோ கட்டுப்பாட்டைக் கூட்டி நெருக்கத்தைக் குறைத்துவிடுகிறது, படிப்பில் ஆர்வம் சரிவதற்கு இந்தப் பொருத்தமின்மை ஒரு முக்கியக் காரணம் என்பது அவர் சொல்வது. எங்கள் வராந்தாவில் நின்று பார்த்தாலும் அதுதான் தெரிகிறது.

எனக்குக் கோபம் வருவது முதல் வாரத் தேர்வில்தான். பிள்ளைகள் எங்கே உட்காருவது என்று பழகுவதற்குள் ஒரு தாளைக் கொடுத்து எழுதவைத்து, அதை வைத்து 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போட்டுவிடுகிறோம். ஒரு வருடம் அந்தப் பட்டியலில் இருந்த ஒரு பையன் தமிழ்ப் பாடத்தில் வாயே திறக்கவில்லை. வாசிக்கச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்தபடியே நிற்பான். ஒரு நாள் கடைத்தெருவில் அவனுடைய பழைய தலைமையாசிரியரைப் பார்த்தேன். "அவனா? காலை வழிபாட்டுல தினமும் நியூஸ் பேப்பர் வாசிக்கறது அவன்தானே டீச்சர்" என்றார். மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவனைத் தனியாக உட்காரவைத்து அன்றைய செய்தித்தாளைக் கொடுத்தேன். தடங்கல் இல்லாமல் வாசித்தான். அவன் சும்மா நின்றது எழுத்துத் தெரியாததால் இல்லை. புது வகுப்பில் அத்தனை பேர் முன்னால் வாசித்துச் சிரிப்புக்கு ஆளாகிவிடுவோமோ என்று நின்றிருக்கிறான். காலாண்டுத் தேர்வுக்கு முன்பு எந்தப் பிள்ளையையும் எந்தப் பட்டியலிலும் போடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். கற்றதில் உண்மையிலேயே பின்தங்கிய பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். ஜூனில் வைக்கும் தாளால் அவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்தெடுக்க முடியாது.

சில வருடங்களாக ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து ஆறாம் வகுப்பில் பேசவைக்கிறேன். அறிவுரை வேண்டாம், போன வருடம் உனக்கு எப்படி இருந்தது என்று மட்டும் சொன்னால் போதும் என்பேன். "கணக்கு சார் சத்தமாப் பேசுவாரு, ஆனா அடிக்க மாட்டாரு" என்று ஒருவன் சொன்னபோது மொத்த வகுப்பும் மூச்சு விட்டது. "எனக்கு ஜூலை வரைக்கும் வயித்த வலிச்சுச்சு, அப்பறம் சரியாயிருச்சு" என்றாள் ஒருத்தி. நான் நூறு முறை சொன்னாலும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. 2019-இல் ஜெஃப்ரி போர்மனும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்றை இதற்குப் பிறகு படித்தேன். 11 பள்ளிகளைச் சேர்ந்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் 1,304 பேர். புது இடத்துப் பயம் எல்லோருக்கும் வரும், நாளடைவில் போய்விடும் என்பதை முந்தைய மாணவர்களின் அனுபவங்கள் வழியே படிக்கக் கொடுத்து, தங்கள் எண்ணங்களைச் சுருக்கமாக எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்த பிள்ளைகளின் மதிப்பெண்ணும் வருகையும் மேம்பட்டன, ஒழுங்குப் பிரச்சினைகள் குறைந்தன. செலவில்லாத வேலை இது. இரண்டு பீரியட் ஒதுக்கினால் போதும்.

ஒரே ஊரிலிருந்து ஏழெட்டுப் பேர் சேர்ந்து வந்தால் கவலை குறைவு. பஸ்ஸிலும் ஒன்றாக, சத்துணவு வரிசையிலும் ஒன்றாக இருப்பார்கள். தன் பள்ளியிலிருந்து தனி ஆளாக வரும் பிள்ளைதான் ஆகஸ்ட் ஆனாலும் ஜன்னல் ஓரத்திலேயே இருக்கும். ஏ பிரிவு, பி பிரிவு என்று பிரிக்கும்போது ஒரே பள்ளியிலிருந்து வந்த இருவரைப் பிரிக்காதீர்கள் என்று ஒவ்வொரு வருடமும் அலுவலகத்தில் வாதாடுவேன். எண்ணிக்கை சரியாக வரவில்லை என்பார்கள். ஒன்றிரண்டு பேர் கூடக்குறைய இருந்தால் என்ன ஆகிவிடப்போகிறது?

பிள்ளையோடு வரும் மாற்றுச் சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும், மச்சம் எங்கே இருக்கிறது என்று அங்க அடையாளம் இருக்கும். அந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று ஒரு வரி இருக்காது. அதனால் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம், ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் மூன்று வரி எழுதித் தாருங்கள் என்று கேட்க ஆரம்பித்தேன். ஒரு டீச்சர் இப்படி எழுதி அனுப்பினார்: "இவளுக்குத் தூரத்தில் உள்ளது சரியாகத் தெரிவதில்லை, கேட்டால் சொல்ல மாட்டாள். அப்பா சிங்கப்பூரில், பாட்டியிடம் வளர்கிறாள். தம்பி இங்கே மூன்றாம் வகுப்பு, அவனை விட்டுவிட்டு வருவதுதான் அவளுக்குக் கஷ்டம்." அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்தேன். கண் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தேன், கண்ணாடி வந்தது. மத்தியானம் என் போனிலிருந்து அந்த டீச்சரைக் கூப்பிட்டுத் தம்பி சாப்பிட்டானா என்று கேட்டுக்கொள்வாள். ஜூலை நடுவில் அவளாகவே, "இன்னிக்கு வேணாம் டீச்சர்" என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

இந்த வருடம் ஏப்ரலிலேயே எல்லாத் தொடக்கப் பள்ளிகளுக்கும் நேரில் போய், பிள்ளைகளைப் பற்றி எழுதித் தர ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். பிள்ளை யாரோடு சேர்ந்து வரும், எதற்குப் பயப்படும், எதில் கெட்டிக்காரப் பிள்ளை, காலையில் வீட்டில் யார் இருப்பார்கள் என்று நான்கு கேள்விகள். உங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் டீச்சரிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள், சந்தோஷமாக எழுதித் தருவார்கள்.